பாப்பாவுக்கு எப்போது சோறு?

(குடும்ப நலத் துண்டு வெளியீடு: தாய் சேய் நலம்)



குழந்தை பிறந்த வீட்டில் சில மாதங்களிலேயே ஒரு பேச்சு எழும். "புள்ள வீல் வீல்னு கத்துது. பால் பத்தலை போலிருக்கு. ஒரு வாய் கூழு குடுத்தா என்ன?" என்பார் ஒருவர். "பல்லே முளைக்கலே, அதுக்குள்ள சோறா? செரிக்காது" என்பார் இன்னொருவர். இருவரும் குழந்தையின் மேல் உள்ள பாசத்தால்தான் பேசுகிறார்கள். ஆனால் இருவர் பேச்சாலும் குழந்தைக்குக் கெடுதல் வரலாம். ஒருவர் அவசரப்படுகிறார், மற்றவர் தாமதப்படுத்துகிறார்.

சரியான காலம் எது? பிறந்தது முதல் 180 நாள் வரை தாய்ப்பால் மட்டும். 6 மாதம் முடிந்த மறுநாள் முதல் தாய்ப்பாலோடு வீட்டு உணவும். இதுதான் விதி. முன்னேயும் வேண்டாம், பின்னேயும் வேண்டாம்.

இரண்டு வீடுகள்

அடுத்தடுத்து இரண்டு வீடுகள் என்று வைத்துக்கொள்வோம்.

கிழக்கு வீட்டில் மூன்றாம் மாதமே கேழ்வரகுப் பால் காய்ச்சிப் பாட்டிலில் கொடுத்தார்கள். குழந்தையின் வயிறு அதிலேயே நிறைந்தது. தாயிடம் பால் குடிப்பது குறைந்தது. குடிக்கக் குடிக்கச் சுரப்பது தாய்ப்பால். குடிக்காவிட்டால் சுரப்பு வற்றும். சில வாரங்களில் உண்மையாகவே பால் குறைந்துவிட்டது. "பாத்தியா, நான் அப்பவே சொன்னேனே!" என்றார்கள். பாட்டிலில் ஒட்டிய கிருமிகளால் வயிற்றுப்போக்கும் வந்தது. மாறி மாறி வயிற்றுப்போக்கு வந்த குழந்தை இளைத்துப் போயிற்று.

மேற்கு வீட்டில் 10 மாதம் ஆகியும் தாய்ப்பால்தான். இடையில் கொஞ்சம் பருப்புத் தண்ணி, கஞ்சித் தண்ணி. 6 மாதம் வரை கொழுகொழுவென்று வளர்ந்த குழந்தைக்கு அதன் பிறகு எடை ஏறவில்லை. முகம் வெளிறிற்று, விளையாட்டில் சுறுசுறுப்பு இல்லை. "நடக்க ஆரம்பிச்சா எல்லாம் சரியாயிடும்" என்று இருந்துவிட்டார்கள்.

இரண்டு வீட்டிலும் பணமில்லாத குறை இல்லை, பாசத்துக்கும் குறைவில்லை. காலம் தெரியாததுதான் குறை.

6 மாதத்துக்கு முன் ஏன் கூடாது?

முதல் 6 மாதத்துக்கு வேண்டிய அத்தனையும் தாய்ப்பாலில் உண்டு. அதில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஆகவே கத்திரி வெயிலில்கூடத் தனியாகத் தண்ணீர் தர வேண்டாம். அடிக்கடி பால் கொடுத்தால் போதும். சீனித் தண்ணீர், வசம்பு, கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து மட்டும் கொடுக்கலாம்.

சின்னக் குழந்தையின் வாயில் கெட்டியான எதையாவது வைத்தால் நாக்கு அதை வெளியே தள்ளும். 4 மாதத்துக்குப் பிறகு அந்தப் பழக்கம் சிறிது சிறிதாக மறையும். 6 மாத அளவில் கழுத்து நன்றாக நிற்கும், பிடித்துக்கொண்டால் உட்காரும், நீங்கள் சாப்பிடும் தட்டைப் பார்த்துக் கையை நீட்டும். உடம்பு தயாராகிவிட்டது என்பதற்கு இவை அடையாளங்கள்.

"பால் பத்தலை" என்று எப்படித் தெரிந்துகொள்வது? அழுகையை வைத்து அல்ல. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு நாளில் 6 தடவைக்கு மேல் சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் பால் போதுகிறது என்று பொருள்.

"அந்தக் காலத்துல 4 மாசத்துலயே குடுக்கச் சொன்னாங்களே?" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். 4 முதல் 6 மாதத்துக்குள் தொடங்கலாம் என்றே முன்பு சொல்லப்பட்டது. ஆராய்ச்சிகளைப் பரிசீலித்த பிறகு, 6 மாதம் முழுவதும் தாய்ப்பால் மட்டுமே என்று 2001-ஆம் ஆண்டு உலக சுகாதாரப் பேரவை தீர்மானம் செய்தது. நம் நாட்டிலும் அதுவே நடைமுறை.

6 மாதத்துக்குப் பின் ஏன் தள்ளக் கூடாது?

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, வளர்ச்சி. 3 கிலோ எடையுடன் பிறந்த குழந்தை சுமார் 5 மாதத்தில் 6 கிலோவும், ஒரு வயதில் 9 கிலோவும் இருக்க வேண்டும். 6 முதல் 8 மாதக் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கலோரி வேண்டும். தாய்ப்பாலில் 400 கலோரி கிடைத்தால் மீதி 200 கலோரி உணவிலிருந்து வரவேண்டும். 9 முதல் 11 மாதத்தில் உணவிலிருந்து 300 கலோரி. ஒரு வயதுக்கு மேல் 550 கலோரி.

இரண்டாவது, இரும்புச்சத்து. நிறைமாதத்தில் பிறந்த குழந்தை தாயின் வயிற்றிலிருந்தே இரும்புச்சத்தைச் சேமித்துக்கொண்டு வருகிறது. அந்தச் சேமிப்பு சுமார் 6 மாதத்தில் கரைந்துவிடும். ஒரு லிட்டர் தாய்ப்பாலில் இரும்புச்சத்து அரை மில்லிகிராம்கூட இல்லை. உணவு தராமல் இருந்தால் குழந்தைக்கு இரத்தசோகை வரும். மூளை வேகமாக வளரும் வயது இது. இப்போது விட்டதைப் பிறகு பிடிப்பது கடினம்.

பல் முளைக்கக் காத்திருக்க வேண்டாம். மசித்த சோற்றை மெல்ல ஈறே போதும். சில வீடுகளில் குலதெய்வக் கோயிலிலோ குருவாயூரிலோ சோறூட்ட நாள் பார்த்திருப்பார்கள். சடங்கு நல்லபடி நடக்கட்டும். ஆனால் நாள் தள்ளிப்போனால் சோற்றையும் தள்ளிப்போட வேண்டாம்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும், எடை குறைவாகப் பிறந்த குழந்தைக்கும் உணவு, இரும்புச்சத்து மருந்து இரண்டையும் எப்போது தொடங்குவது என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாலாடைச் சோதனை

இந்த வெளியீட்டில் மற்றவை மறந்தாலும் இதை மட்டும் மறக்க வேண்டாம். பாலாடையில் ஊற்றிப் புகட்ட முடிகிற உணவு குழந்தைக்குப் போதாத உணவு. கரண்டியைச் சாய்த்தால் ஓடிவிடாமல் அதில் நிற்க வேண்டும். அதுதான் சரியான பதம்.

காரணம் எளிது. 8 மாதக் குழந்தையின் வயிறு ஒரு டம்ளர் அளவுதான், சுமார் 200 மில்லி. அதைக் கஞ்சித் தண்ணியால் நிரப்பினால் வயிறு நிறையும், சத்து சேராது. பருப்பு வெந்த தண்ணியில் பருப்பின் வாசனைதான் இருக்கிறது; சத்து அடியில் தங்கிய பருப்பிலேயே இருக்கிறது. தண்ணியைப் பெரியவர்கள் ரசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பருப்பை மசித்துக் குழந்தைக்குக் கொடுங்கள்.

என்ன கொடுக்கலாம்?

தனியாகச் செலவு வேண்டாம். வீட்டுச் சமையலிலேயே இருக்கிறது.

பருப்புச் சோறு: அரிசி 2 பங்கு, பாசிப்பருப்பு 1 பங்கு எடுத்துக் குழைய வேகவையுங்கள். அதிலேயே ஒரு துண்டு கேரட்டோ பரங்கிக்காயோ, ஒரு பிடி முருங்கைக்கீரையோ சேர்க்கலாம். கையால் நன்றாக மசித்து, ஒரு தேக்கரண்டி நெய்யோ எண்ணெயோ விடுங்கள். எண்ணெய் விட்டால் அளவு கூடாமல் சத்து கூடும்.

முளைகட்டிய கேழ்வரகு: 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. ராத்திரி ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, முளை வந்ததும் நிழலில் உலர்த்தி அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். இந்த மாவுக்கு ஒரு குணம் உண்டு. கெட்டியாகக் காய்ச்சிய கூழைச் சற்று ஆறவிட்டு, இதில் அரைத் தேக்கரண்டி கலந்தால் தண்ணீர் ஊற்றாமலே கூழ் இளகிவிடும். பிறகு ஒரு கொதி வரட்டும். குழந்தை சுலபமாக விழுங்கும், சத்தும் குறையாது.

இட்லி, மசித்த வாழைப்பழம், பப்பாளி, வேகவைத்த உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளி, தயிர்ச் சோறு எல்லாம் நல்லவை. அசைவம் சாப்பிடும் வீட்டில் நன்றாக வெந்த முட்டை, முள் நீக்கிய மீன், மசித்த ஈரல் ஆகியவற்றை 6 மாதம் முடிந்ததிலிருந்தே கொடுக்கலாம். இரும்புச்சத்துக்கு இவை சிறந்தவை. கீரை, பருப்பு கொடுக்கும்போது சிறிது எலுமிச்சைச் சாறோ கொய்யாப் பழமோ சேர்த்தால் அதிலுள்ள இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும்.

அங்கன்வாடியில் 6 மாதம் முடிந்த குழந்தைகளுக்கு இணை உணவாகச் சத்துமாவு கொடுக்கிறார்கள். அது குழந்தைக்காகத் தருவது. வீட்டில் எல்லோரும் உருண்டை பிடித்துச் சாப்பிட்டுவிட வேண்டாம்! கிராம சுகாதார செவிலியர் தரும் இரும்புச்சத்து மருந்தையும் அவர் சொல்லும் அளவில் வாரம் இருமுறை கொடுங்கள்.

டப்பா உணவு அவசியமில்லை. 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான டப்பா உணவை விளம்பரம் செய்வதையே 1992-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003-ஆம் ஆண்டுத் திருத்தமும் தடை செய்திருக்கின்றன.

எவ்வளவு, எத்தனை தடவை?

(கிண்ணம் என்பது கால் லிட்டர் பிடிக்கும் கிண்ணம்.)

6 மாதம் முடிந்ததும்: 2, 3 கரண்டியில் தொடங்குங்கள். 8 மாதத்துக்குள் ஒரு வேளைக்கு அரைக் கிண்ணம் வரை கூட்டுங்கள். நாளுக்கு 2 அல்லது 3 தடவை. நன்றாக மசித்தது.

9 முதல் 11 மாதம்: அரைக் கிண்ணம், நாளுக்கு 3 அல்லது 4 தடவை. அரைகுறையாக மசித்தது, கையில் எடுத்துத் தின்ன மெத்தென்ற துண்டுகள்.

1 வயது முதல் 2 வயது: முக்கால் முதல் ஒரு கிண்ணம், நாளுக்கு 3 அல்லது 4 தடவை. வீட்டார் சாப்பிடும் அதே உணவு, காரம் குறைத்து.

9 மாதத்துக்குப் பின் நடுவே ஒன்றிரண்டு தடவை பழமோ இட்லியோ கொடுக்கலாம். 10 மாதம் வரை எல்லாவற்றையும் மிக்சியில் அரைத்தே கொடுத்துப் பழக்கினால் பிறகு மெல்லவே அடம்பிடிக்கும். தாய்ப்பால் 2 வயது வரையும் அதற்கு மேலும் தொடரட்டும்.

குழந்தைக்கென்று தனித் தட்டு வையுங்கள். அப்போதுதான் எவ்வளவு சாப்பிட்டது என்று தெரியும். புதிய உணவைத் துப்பினால் "இதுக்குப் பிடிக்கலே" என்று முடிவு கட்ட வேண்டாம். 8, 10 தடவை ருசி பார்த்த பிறகுதான் சில உணவு பிடிக்கும். மூக்கைப் பிடித்துத் திணிக்கவும் வேண்டாம். செல்போனைக் காட்டி ஊட்டவும் வேண்டாம். முகத்தைப் பார்த்துப் பேசி ஊட்டுங்கள்.

கூடாதவை

ஒரு வயதுக்கு முன் தேன் கூடாது. நாக்கில் தடவுவதும் கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒரு கிருமி சின்னக் குழந்தைக்கு ஆபத்தானது. ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் சேர்க்க வேண்டியதில்லை. டீ, காப்பி கூடாது. டீ இரும்புச்சத்தைச் சேரவிடாது. முழு வேர்க்கடலை, பட்டாணி, பொட்டுக்கடலை, முழுத் திராட்சை ஆகியவை தொண்டையில் அடைத்துக்கொள்ளும். படுக்கவைத்து ஊட்டக் கூடாது. பாட்டில் அறவே வேண்டாம்.

சமைக்கும் முன்னும் ஊட்டும் முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குழந்தையின் கையையும் கழுவுங்கள். சமைத்ததை 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். காலையில் செய்த கூழை மாலைக்கு வைக்க வேண்டாம்.

வயிற்றுப்போக்கு வந்தால்?

"வயித்தாலே போகுது, ஒண்ணும் குடுக்காதே" என்று பட்டினி போடுவது பெரிய தவறு. தாய்ப்பாலும் உணவும் தொடரட்டும். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் சுகாதார நிலையத்தில் கிடைக்கும். மாத்திரையை 14 நாள் முழுவதும் கொடுக்க வேண்டும். கண் குழிந்தாலோ, குடிக்க முடியாமல் துவண்டாலோ, மலத்தில் இரத்தம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நோய் தெளிந்த பிறகு 2 வாரத்துக்கு நாளொன்றுக்கு ஒரு வேளை கூடுதலாக ஊட்டினால் இழந்த எடை திரும்பும்.

தாய்க்கு ஒரு வார்த்தை

குழந்தைக்கு 6 மாதம் ஆகாமல், தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாமல் இருக்கும் வரை கருத்தரிப்பது அபூர்வம். சோறூட்டத் தொடங்கியதும் அந்தப் பாதுகாப்பை நம்பியிருக்க முடியாது. மடியில் இருக்கும் பிள்ளைக்கு 2 வயது வரை பால் கிடைக்க வேண்டும். தாயின் உடம்பும் தேற வேண்டும். அடுத்த பிள்ளைக்கு 3 வருட இடைவெளி நல்லது. தகுந்த முறையைக் கணவன் மனைவி இருவரும் செவிலியரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மாதம் ஒரு முறை அங்கன்வாடியில் எடை போட்டு அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். கோடு மேலே ஏறினால் சரி. படுத்துவிட்டாலோ இறங்கினாலோ அடுத்த மாதம் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

நாள்காட்டியில் பாப்பா பிறந்த நாளிலிருந்து 180 எண்ணி, அந்தத் தேதியை இன்றே வட்டம் போட்டு வையுங்கள். அதற்கு முந்தைய நாள் வரை தாய்ப்பால் போதும் என்று தைரியமாகச் சொல்லுங்கள். அந்த நாள் வந்ததும் ஒரு பிடி அரிசியும் அரைப் பிடி பருப்பும் குழைய வேகட்டும்.