குடும்பக் கடன் அடைத்தல்

குடும்பக் கடன் அடைத்தல் என்பது ஒரு குடும்பம் மருத்துவம், கல்வி, திருமணம், தொழில், அன்றாடச் செலவு முதலியவற்றுக்காகப் பலரிடம் பெற்ற கடன்களைத் தன் வருமானத்தைக் கொண்டு திருப்பிச் செலுத்தித் தீர்ப்பதைக் குறிக்கும். வருமானம் குறைவாகவும் ஒழுங்கற்றும் உள்ள குடும்பங்களில், எவ்வளவு செலுத்துவது என்பதைவிட எந்தக் கடனை முதலில் செலுத்துவது என்பதே பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. இக்கட்டுரை தமிழ்நாட்டின் திருப்பூர் மாவட்டத்திலுள்ள பல்லடம் வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

வருமானமும் தவணையும்

கோயம்புத்தூர் - திருச்சி நெடுஞ்சாலையில் அமைந்துள்ள பல்லடம், 2009 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. விசைத்தறி நெசவும் கறிக்கோழி வளர்ப்பும் இதன் முதன்மைத் தொழில்கள். அருகிலுள்ள திருப்பூரின் பனியன் நிறுவனங்களுக்கும் பலர் வேலைக்குச் செல்கின்றனர். இத்தொழில்களில் மாதச் சம்பளம் என்பது பொது வழக்கன்று. பனியன் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கும் தறித் தொழிலாளர்களுக்கும் வாரக் கூலி கிடைக்கிறது. ஒப்பந்த முறையில் கோழி வளர்ப்பவருக்குக் குஞ்சு விட்டுச் சுமார் ஆறு வாரம் கழித்துக் கோழி பிடித்த பின்னரே பணம் வருகிறது. கூலிக்குத் தறி ஓட்டும் சிறு உடைமையாளர், ஜவுளி உற்பத்தியாளரிடம் பாவும் நூலும் பெற்று, காடா துணி நெய்து கொடுத்து, மீட்டர் கணக்கில் கூலி பெறுகிறார்.

கடன் தவணைகள் இந்த ஒழுங்கைப் பின்பற்றுவதில்லை. 2021 நவம்பரில் பேசி முடிக்கப்பட்ட கூலி உயர்வு நடைமுறைப்படுத்தப்படவில்லை எனக் கூறி, கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறியாளர்கள் 2022 சனவரியில் வேலைநிறுத்தம் தொடங்கினர். தறிகள் வாரக்கணக்கில் நின்றன. இத்தகைய காலங்களில் கூலி நிற்கும். தண்டல்காரர் வருவது நிற்காது. பழைய கடனின் தவணைக்காகப் புதிய கடன் வாங்கும் சுழல் பெரும்பாலும் இங்குதான் தொடங்குகிறது.

வட்டியைச் சொல்லும் முறை

ஊர் வழக்கில் வட்டி ஆண்டுக் கணக்கில் சொல்லப்படுவதில்லை. "இரண்டு வட்டி" என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24 விழுக்காடு. "மூன்று வட்டி" 36 விழுக்காடு. "ஐந்து வட்டி" 60 விழுக்காடு. வங்கி 12 விழுக்காடு என்பதைக் கேட்டு அஞ்சுபவர், மூன்று வட்டியைச் சிறிய எண்ணாகக் கருதிவிடுவதுண்டு. உண்மையில் வங்கியின் 12 விழுக்காடு ஊர்க் கணக்கில் "ஒரு வட்டி"தான்.

தண்டல் கடனில் வட்டி இன்னும் மறைவாக உள்ளது. 10,000 ரூபாய்க் கடனில் 1,000 ரூபாயை முன்னரே பிடித்துக்கொண்டு 9,000 ரூபாய் தருவர்; நாளொன்றுக்கு 100 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். மேலோட்டமாக இது மாதம் மூன்று வட்டிபோலத் தோன்றும். ஆனால் கடன் பெற்றவர் 9,000 ரூபாயையும் 100 நாளும் கையில் வைத்திருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே அது திரும்பிக்கொண்டிருக்கிறது. குறைந்துவரும் நிலுவைக்குக் கணக்கிட்டால் வட்டி மாதத்துக்கு ஏறத்தாழ 6.4 விழுக்காடும், ஆண்டுக்கு ஏறத்தாழ 77 விழுக்காடும் ஆகிறது.

எதை முதலில் அடைப்பது

பொதுவான விதி, வட்டி மிகுந்த கடனை முதலில் அடைத்தல் என்பதாகும். எனினும் தண்டலுக்கு இவ்விதி அப்படியே பொருந்தாது. வட்டி முன்னரே பிடிக்கப்பட்டுவிட்டதால், 40ஆம் நாளில் மீதியை மொத்தமாகக் கட்டினாலும், கொடுத்தவர் தள்ளுபடி செய்தாலன்றி ஒரு ரூபாயும் மிச்சமாகாது. ஆகவே தண்டலை அதன் போக்கில் முடித்துவிட்டு, அடுத்த தண்டலை வாங்காதிருப்பதே ஆதாயம். கையில் சேரும் உபரிப் பணம், வட்டி ஓடிக்கொண்டிருக்கும் கடனுக்குச் செல்ல வேண்டும்.

எடுத்துக்காட்டாக, புரோநோட்டின்பேரில் மூன்று வட்டிக்கு 50,000 ரூபாய் வாங்கிய குடும்பம் கடனுக்கென மாதம் 2,000 ரூபாய் ஒதுக்குவதாகக் கொள்வோம். இதில் 1,500 ரூபாய் முதல் மாத வட்டிக்கே போய்விடும். மீதியை முதலில் கழித்துவந்தால் கடன் தீர 47 மாதங்களாகும். செலுத்தும் மொத்தத் தொகை ஏறத்தாழ 94,000 ரூபாய். ஆனால் வட்டிக்குக் கொடுப்போர் பலர் முதலைச் சிறுகச்சிறுக வாங்க இசைவதில்லை; மொத்தமாகவே கேட்பர். அப்போது மாதம் 1,500 ரூபாய் வட்டி கட்டிக்கொண்டு, மீதி 500 ரூபாயை உண்டியலில் சேர்த்தால் 50,000 சேர 100 மாதங்களாகும். அதற்குள் வட்டி மட்டும் 1,50,000 ரூபாய் போயிருக்கும். அதே கடன் நான்கு வட்டியானால் 2,000 ரூபாயும் வட்டிக்கே சரியாகிவிடும். கடன் ஒருபோதும் தீராது.

வீட்டில் நகை இருந்து, அதை ஆண்டுக்கு 12 விழுக்காட்டில் அடகு வைத்துப் புரோநோட்டை மீட்டால், அதே 2,000 ரூபாயில் 29 மாதங்களில் கடன் முடியும். மொத்தச் செலவு ஏறத்தாழ 58,000 ரூபாய். கடன் கூடவில்லை, இடம் மட்டுமே மாறியுள்ளது. நகையை அடகு வைப்பதை மானக்குறைவாகக் கருதி மூன்று வட்டிக்கு வாங்குவது, இக்கணக்கில் 36,000 ரூபாய் விலையுள்ள மானமாகும். எனினும் நகைக்கடனில் ஆண்டுதோறும் வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைத்துவந்தால் முதல் குறையாது. தவறினால் நகை ஏலத்துக்குப் போகும்.

முதலை மொத்தமாகச் சேர்க்க ஏலச்சீட்டும் பயன்படுகிறது. சீட்டைக் கடைசியில் எடுப்பவருக்குக் கசர் ஆதாயமாகும். தொடக்கத்திலேயே தள்ளி எடுப்பவருக்கு அது இன்னொரு கடனே. சீட்டு நிறுவனங்கள் 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற வேண்டும். பதிவில்லாத சீட்டு முறிந்தால் பணத்தை மீட்பது கடினம்.

குழுக்கடன்

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கப்பட்டன. நுண்கடன் நிறுவனங்களின் வாரக் கடன் பின்னர் பரவியது. ஒருவர் தவணை தவறினால் குழுவினர் அனைவரும் பொறுப்பாக்கப்படுவதால், இது அண்டை வீட்டாரிடையே பகையை உண்டாக்குவதுண்டு. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள இந்திய ரிசர்வ் வங்கியின் நெறிமுறைப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மிகாத குடும்பத்துக்கு அடமானமின்றித் தரப்படுவதே நுண்கடன். அக்குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டலாகாது. முன்கூட்டிக் கட்டினால் அபராதம் விதிக்கக் கூடாது. இக்கடனின் வட்டி குறையும் நிலுவைக்கே கணக்கிடப்படுமானால், தண்டலைப் போலன்றி முன்கூட்டி அடைப்பது ஆதாயமாகும்.

குடும்பத்தின் பங்கு

கணவன் வாங்கிய கைமாற்று மனைவிக்கும், மனைவி எடுத்த குழுக்கடன் கணவனுக்கும் தெரியாதிருப்பது அரிதன்று. கடன்கள் அனைத்தையும் ஒரே நோட்டில் எழுதாமல் மேற்கண்ட கணக்கு எதையும் போட முடியாது. திருப்பிச் செய்ய வேண்டிய மொய்யும் அதில் இடம்பெற வேண்டும். அதற்கு வட்டியில்லை, ஆனால் நாளை எதிர் வீட்டார் குறிப்பர். தீபாவளி போனஸ் பல குடும்பங்களுக்கு ஆண்டின் ஒரே பெருந்தொகை. அதை எந்தக் கடனுக்கு என்று முன்னரே எழுதி வைக்காவிட்டால் அது துணிக்கடையிலேயே முடிந்துவிடும்.

கடனுக்காகப் பிள்ளைகளின் படிப்பை நிறுத்துவது இதன் கொடிய வடிவம். மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் "சுமங்கலித் திட்டம்" என்ற பெயரில், ஒப்பந்தக் கால முடிவில் மொத்தத் தொகை தருவதாகக் கூறி இளம்பெண்கள் விடுதியில் தங்க வைக்கப்பட்டு வேலை வாங்கப்பட்டனர்.

சட்டமும் ஆவணங்களும்

தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, தண்டல் முதலியவற்றைக் குற்றமாக்கியது. மூன்றாண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். அரசு நிர்ணயித்த வட்டியுடன் தொகையை நீதிமன்றத்தில் கட்டி, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யக் கோரவும் இச்சட்டம் வழி செய்கிறது. முன்பணத்தைக் காட்டி வேலையை விட்டுச் செல்லவிடாமல் தடுப்பது, 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின்கீழ்க் குற்றமாகலாம். அச்சட்டப்படி கொத்தடிமைக் கடன் செல்லாது.

புரோநோட்டுக் கடனில் கட்டிய தொகை ஒவ்வொன்றையும் நோட்டின் பின்புறம் தேதியுடன் வரவு வைக்கச் சொல்வது வழக்கம். கடன் முடிந்ததும் நோட்டையும், பிணையாகக் கொடுத்த வெற்றுக் காசோலைகளையும் அன்றே திரும்பப் பெற வேண்டும். பணம் கட்டி முடித்த பின்னும் நோட்டு அவர் கையில் இருக்குமானால், அதை வைத்து மீண்டும் வழக்குத் தொடுக்க இயலும்.