தட்டைப் பின்னால் சுற்றிய பையன்

இசைத்தட்டைக் கையில் எடுப்பவர்கள் ஓரத்தைத்தான் பிடிப்பார்கள். அதன் முகத்தில் விரல் படக் கூடாது. காரணம் இருக்கிறது. தட்டில் தெரியும் கோடுகள் தனித்தனி வட்டங்கள் அல்ல. ஓரத்தில் தொடங்கி நடுவரை சுருண்டு வரும் ஒரே பள்ளம். இருபது நிமிடம் பாடும் தட்டில் அந்தப் பள்ளத்தை நீட்டிவிட்டால் 400 மீட்டர் வரும். அகலமோ ஒரு தலைமுடி அளவுதான். பள்ளத்தின் சுவர்களில் இருக்கும் நெளிவுகள்தான் பாட்டு, அவற்றைப் படிப்பது பள்ளத்தில் ஓடும் ஊசி. விரலின் எண்ணெய்ப் பசை அங்கே படிந்தால் தூசி ஒட்டும், பாட்டு கரகரக்கும்.

இந்த விதியை ஒரு பையன் மீறினான். பெயர் ஜோசப் சாட்லர். 1958இல் பார்படோஸ் தீவில் பிறந்து, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் வளர்ந்தவன். வீட்டில் கையில் கிடைக்கும் மின்சாதனத்தையெல்லாம் கழற்றிப் பார்ப்பான். தொழிற்கல்விப் பள்ளியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தான். பிற்பாடு கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் என்று உலகம் அறிந்தது அவரைத்தான்.

அதே பிராங்ஸில் கூல் ஹெர்க் என்ற இளைஞர் இருந்தார். 1973 ஆகஸ்ட் 11 அன்று, செட்ஜ்விக் அவென்யூவின் 1520ஆம் எண் குடியிருப்பில், தங்கை சிண்டி நடத்திய விருந்துக்குப் பாட்டுப் போட்டவர் அவர்தான். அப்போது அவருக்கு 18 வயது. ஹிப்-ஹாப் பிறந்த நாள் என்று அந்த நாளைத்தான் சொல்கிறார்கள். பாட்டும் மற்ற வாத்தியங்களும் அடங்கி, டிரம்ஸ் முன்னுக்கு வந்து முழங்கும் சிறு பகுதி சில பாட்டுகளில் வரும். அதற்கு 'பிரேக்' என்று பெயர். ஆடுபவர்கள் அதற்காகவே காத்திருப்பதை ஹெர்க் கவனித்தார். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை வாங்கி, ஒன்றில் பிரேக் முடிந்ததும் இன்னொன்றில் அதே இடத்தில் ஊசியை வைத்தார். சில விநாடி பிரேக் பல நிமிடம் நீண்டது.

ஆனால் ஊசியைக் கண்மதிப்பாகத்தான் வைக்க முடிந்தது. ஒரு தட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது தாளம் இடறும், ஆடுபவர்களின் காலும் ஒரு கணம் தடுமாறும். ஜோசப்பை அது விடவில்லை. தாளம் அறுபடாமல் அதே பிரேக்கைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவைக்க வழி உண்டா?

உண்டு. அது ஒரு கணக்கு. தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும். அப்படியானால் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. நிமிடத்துக்கு 100 பீட் உள்ள பாட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு பீட்டுக்கு 0.6 விநாடி, ஒரு சுற்றுக்குள் சரியாக மூன்று பீட். பிரேக்கில் 16 பீட் இருந்தால் 9.6 விநாடி, அதாவது 5⅓ சுற்று. பிரேக் தொடங்கும் இடத்தைத் தட்டின் மேல் கிரேயானால் கோடு போட்டு வைத்துக்கொண்டால், ஊசியைத் தூக்கவே வேண்டாம். தட்டைப் பின்னால் 5⅓ சுற்று சுற்றினால் போதும், பிரேக்கின் தொடக்கத்துக்கே வந்துவிடலாம். கோடுதான் கடிகார முள். இதெல்லாம் மற்றத் தட்டு ஒலிக்கும் அந்த 9.6 விநாடிக்குள் நடந்தாக வேண்டும்.

நீங்களும் ஒரு கணக்குப் போடலாம். பிடித்த பாட்டைப் போட்டு, 15 விநாடிக்குள் விரலால் எத்தனை முறை தாளம் தட்டுகிறீர்கள் என்று எண்ணி நாலால் பெருக்குங்கள். அதுதான் நிமிடத்துக்கான பீட். 120 வந்தால் ஒரு சுற்றில் 3.6 பீட்தான் அடங்கும்.

கணக்கு சரி, கை ஒத்துழைக்க வேண்டுமே? தட்டுக்கு அடியில் ரப்பர் விரிப்பு இருக்கும். தட்டு வழுக்காமல் இருக்கத்தான் அது. கையால் பின்னுக்கு இழுத்தால் ரப்பர் விடாது. மோட்டாரோடு மல்லுக்கட்ட வேண்டும். ரப்பருக்குப் பதில் ஃபெல்ட் துணியைப் போட்டுப் பார்த்தான் ஜோசப். துணி தொளதொளவென்று இருந்ததால் சுருங்கியது. அம்மா தையல் வேலை தெரிந்தவர். வீட்டில் கஞ்சிப்பசை இருந்தது. ஃபெல்ட்டுக்குக் கஞ்சி போட்டு, தேய்த்து, விறைப்பாக்கி, தட்டின் அளவுக்கு வட்டமாக வெட்டினான். இப்போது கை தட்டைப் பிடித்தாலும் அடியில் சக்கரம் தன் பாட்டுக்குச் சுழன்றுகொண்டே இருந்தது. கையை எடுத்ததும் ஃபெல்ட்டின் உராய்வு தட்டைச் சட்டென்று முழு வேகத்துக்கு இழுத்துக்கொண்டது. உராய்வு கூடினாலும் ஆகாது, இல்லாமலே போனாலும் ஆகாது. அந்த நடு அளவைக் கஞ்சி போட்ட துணியில் பிடித்தது எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம். அடுத்த தட்டைக் கூட்டத்துக்குக் கேட்காமல் தான் மட்டும் ஹெட்ஃபோனில் முன்கூட்டிக் கேட்க, இரண்டு தட்டின் ஒலியையும் கலக்கும் மிக்ஸரில் ஒரு ஸ்விட்சையும் அவனே பொருத்திக்கொண்டான்.

அடுத்த அடியை எடுத்து வைத்தவன் இன்னும் சின்னப் பையன். தியடோர் லிவிங்ஸ்டன், 1963இல் பிறந்தவன். 1975 வாக்கில் ஒருநாள் அறையில் சத்தமாகப் பாட்டுப் போட்டிருந்தபோது அம்மா வந்து அதட்டினாராம். அவர் பேசி முடிக்கும்வரை தட்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் லேசாக அசைத்துக்கொண்டிருந்தான். அப்போது வந்த 'விக்கி-விக்கி' சத்தம் அவன் காதில் இசையாகப் பட்டது. பல மாதம் பழகிய பிறகே அதை மேடைக்குக் கொண்டுவந்தான். இப்போது அதை 'ஸ்க்ராட்ச்' என்கிறோம்.

அந்தச் சத்தம் எப்படி வருகிறது? ஊசியைக் கடக்கும் நெளிவுகளின் வேகம்தான் சுருதி. தட்டை இரண்டு மடங்கு வேகமாகத் தள்ளினால் அதிர்வெண் இரண்டு மடங்காகும். 'ச' மேல் ஸ்தாயி 'ச' ஆகிவிடும். பாதி வேகமென்றால் கீழ் ஸ்தாயி. கையோ நின்ற நிலையிலிருந்து கிளம்பி, வேகமெடுத்து, மறுபடி நிற்கிறது. அதனால் அரை விநாடிக்குள் சுருதி சர்ரென்று ஏறி இறங்குகிறது. பின்னால் இழுக்கும்போது இன்னொரு விந்தை. டிரம் அடி எப்போதும் பலமாகத் தொடங்கித் தேயும். பின்னோக்கி ஓடினால் மெல்ல வீங்கி, சட்டென்று அறுபடும்.

இப்படிப் பாட்டுப் போடுபவர்களை டி.ஜே. என்பார்கள். இன்று பல டி.ஜே.க்கள் பாட்டைக் கணினியில் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் சிலர் மேசையில் தட்டு சுழல்கிறது. அந்தத் தட்டில் பாட்டே கிடையாது, சீரான ஒரு ஒலி பதிந்திருக்கும். அந்த ஒலியின் அதிர்வெண் ஏறி இறங்குவதைப் பார்த்துக் கணினி கையின் வேகத்தை அறிகிறது. இடது, வலது பக்க ஒலிகளில் ஒன்று மற்றதைவிடக் கால் அலை முந்தியிருக்கும்படி பதித்திருப்பார்கள். எது முந்துகிறது என்று பார்த்தால் தட்டு எந்தத் திசையில் போகிறது என்று தெரிந்துவிடும். கை பின்னால் இழுத்தால் கணினியிலுள்ள பாட்டும் பின்னால் ஓடுகிறது. கை நின்றால் பாட்டும் நிற்கிறது.