நம்பிக்கையும் அவநம்பிக்கையும்: வாழ்க்கைப் பேரேட்டின் இரு பக்கங்கள்

வங்கியில் புதிதாகக் கணக்குத் தொடங்குவோர் நிரப்பும் படிவத்தில் பெயர், முகவரி, தொழில் ஆகிய கட்டங்கள் தடையின்றி நிரம்பிவிடும். நாமினி, அதாவது நியமனதாரர், பெயரை எழுத வேண்டிய இடம் வந்ததும் பலருடைய பேனா சற்றே தயங்கும். "நல்ல காரியம் தொடங்கும்போது இதை ஏன் எழுத வேண்டும்? பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று அதைக் கடந்து செல்வோர் நம்மிடையே உண்டு. இவர்களுக்கு நேர்மாறானவர்களும் உண்டு. எதில் போட்டாலும் பணம் போய்விடும் என்று அஞ்சிப் பல ஆண்டுச் சேமிப்பை ரொக்கமாகவே பீரோவில் பூட்டி வைப்பர். விலைவாசி ஏற ஏற, பூட்டிய இடத்திலேயே அப்பணத்தின் மதிப்பு தேய்வது அவர்கள் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

முன்னவர் தமக்குத் தீங்கே நேராது என்று கருதுகிறார். பின்னவர் தீங்கைத் தவிர வேறெதையும் எதிர்பார்ப்பதில்லை. இருவருக்கும் இழப்புண்டு, முன்னவரின் இழப்பை அவருக்குப் பின் குடும்பத்தார் சுமக்க நேர்கிறது. இவ்விரு மனப்பான்மைகளுள் எது சரி என்று தத்துவஞானிகளும் புலவர்களும் நெடுங்காலம் ஆராய்ந்துள்ளனர். அவ்வாராய்ச்சியின் சில பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பது நம் வீட்டுக் கணக்கிற்கும் பயன் தரும்.

லிஸ்பன் எழுப்பிய வினா

இறைவன் படைத்திருக்கக்கூடிய உலகங்கள் அனைத்திலும் இவ்வுலகமே மிகச் சிறந்தது என்று ஜெர்மானியத் தத்துவஞானி லைப்னிட்ஸ் 1710-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். உலகில் துன்பமே இல்லை என்று அவர் கூறவில்லை. துன்பமும் ஒரு பெரிய நன்மையின் பகுதியே என்பது அவர் கருத்து.

1755 நவம்பர் 1 அன்று, புனிதர் அனைவர் திருநாளின் காலையில், போர்த்துகல் நாட்டின் தலைநகரான லிஸ்பனைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. அதைத் தொடர்ந்து கடற்பேரலையும் தீயும் நகரை அழித்தன. வழிபாட்டிற்குக் கூடியிருந்தோர் உட்படப் பல்லாயிரவர் மாண்டனர். இதுவும் நன்மைக்கே என்று எவ்வாறு கூறுவது? இவ்வினா பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேரை உலுக்கியது. 1759-இல் அவர் வெளியிட்ட 'கான்டீட்' என்னும் புனைகதை, எந்த இடரிலும் எல்லாம் நலமே என்று ஓதும் ஆசிரியர் ஒருவரைப் படைத்து நகையாடியது. கதையின் முடிவில் நாயகன் வாதங்களை விட்டு, தன் தோட்டத்தைப் பேணும் உழைப்பையே தேர்ந்துகொள்கிறான்.

லிஸ்பன் நகரை மீண்டும் எழுப்பியவர்கள் வேறொரு விடையைத் தந்தனர். பின்னாளில் பொம்பால் பிரபு எனப்பட்ட அமைச்சரின் தலைமையில் எழுந்த புதிய கட்டடங்களின் சுவர்களுக்குள், குறுக்குச் சட்டங்களால் பிணைக்கப்பட்ட மரக்கூடுகள் அமைக்கப்பட்டன. நிலம் அசையும்போது கட்டடம் முறியாமல் தாங்குவதற்கான ஏற்பாடு அது. மாதிரிக் கட்டடத்தைச் சுற்றிப் படைவீரர்களை அணிவகுத்து நடக்கச் செய்து அதன் உறுதியைச் சோதித்தனர் என்றும் கூறுவர். நிலநடுக்கம் மீண்டும் வரக்கூடும் என்று எண்ணியதால் அவர்கள் அவ்வாறு கட்டினர். அங்கே மீண்டும் வாழலாம் என்று நம்பியதால்தான் கட்டவே முற்பட்டனர். இரு மனப்பான்மைகளும் ஒரே சுவருக்குள் இடம்பெற்றன.

அவநம்பிக்கையாளர் மீட்ட பணம்

அவநம்பிக்கைத் தத்துவத்தின் தலைமகன் என்று கூறத்தக்கவர் ஷோபன்ஹவர். வேட்கையே வாழ்வை இயக்குகிறது, அது ஒருபோதும் நிறைவடையாது, ஆகவே துன்பம் வாழ்வின் இயல்பு என்பது அவர் முடிவு. உபநிடதங்களின் லத்தீன் மொழிபெயர்ப்பைப் பெரிதும் போற்றிப் படித்தவர் அவர்.

அவருடைய வாழ்வில் நிகழ்ந்த ஒரு பண விவகாரம் நம் கவனத்திற்குரியது. 1819-இல் டான்சிக் நகரின் வணிக நிறுவனம் ஒன்று பணம் திருப்பித் தருவதை நிறுத்தியது. அவருடைய தாயும் தங்கையும் தங்கள் செல்வத்தின் பெரும்பகுதியை அங்கே வைத்திருந்தனர். அவரும் தம் பங்கில் ஒரு பகுதியை இட்டிருந்தார். 100-க்கு 30 வீதம் பெற்றுக்கொண்டு வழக்கை முடிக்குமாறு நிறுவனம் கேட்டது. தாயும் தங்கையும் இசைந்தனர். ஷோபன்ஹவர் மறுத்துக் காத்திருந்தார். நிறுவனம் நிலைபெற்ற பின் தம் பத்திரங்களை ஒவ்வொன்றாக நீட்டி, வட்டியுடன் முழுத் தொகையையும் பெற்றார்.

உலகைப் பற்றி இருண்ட கருத்துக் கொண்டிருந்தவர், பண விவகாரத்தில் மனந்தளரவில்லை. பிறர் இனிய சொல்லை எளிதில் நம்பாத அவர் இயல்பு அவருக்குத் துணை நின்றது. அதே வேளையில், கடன் கொடுத்தோர் அனைவரும் அவரைப்போல் மறுத்திருந்தால் அந்நிறுவனம் எழுந்திருப்பது அரிது. ஒருவருடைய உறுதி பலருடைய விட்டுக்கொடுத்தலின்மேல் நின்றது என்பதையும் நாம் மறத்தலாகாது.

நம் முன்னோர் கண்ட வழி

புத்தர் கூறிய நான்கு வாய்மைகளுள் முதலாவது துன்பம் உண்டு என்பது. அத்துடன் நிறுத்திவிட்டு அவரை அவநம்பிக்கையாளர் என்போர் உளர். துன்பத்திற்குக் காரணம் உண்டு, அதற்கு முடிவு உண்டு, முடிவுக்கு வழியும் உண்டு என்பவை அடுத்த மூன்று. நோயை மறைக்காமல் கூறிய பிறகே மருத்துவர் மருந்தைக் கூறுகிறார்.

புறநானூற்றின் 194-ஆம் பாடலில் பக்குடுக்கை நன்கணியார், ஒரு வீட்டில் சாப்பறையும் மற்றொரு வீட்டில் மணமுழவும் ஒலிக்கக் கேட்கிறார். இவ்வாறு உலகைப் படைத்தவனைப் பண்பற்றவன் என்றே அவர் சாடுகிறார். எனினும், இக்கொடிய உலகின் இயல்பை உணர்ந்தவர்கள் இதில் இனியவற்றைக் காணவேண்டும் என்று பாடலை முடிக்கிறார். திருவள்ளுவரும் நிலையாமைக்கு ஓர் அதிகாரமும், துன்பத்தில் கலங்காதிருக்கும் இடுக்கணழியாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். உண்மையை அறிவதும் உள்ளம் தளராதிருப்பதும் அவர்களுக்கு ஒன்றுக்கொன்று பகையாகத் தோன்றவில்லை.

அன்றாடக் கணக்கில்

எவ்விடத்தில் எந்த மனப்பான்மை பொருந்தும் என்று அறிவதில்தான் நாம் தடுமாறுகிறோம். செலவையும் காலத்தையும் கணக்கிடும்போது நாம் அளவுக்கு மீறி நம்புகிறோம். இதைத் திட்டமிடல் பிழை என்று உளவியலறிஞர்கள் கானமன், ட்வெர்ஸ்கி ஆகியோர் 1979-இல் விளக்கினர். ஆஸ்திரேலியாவின் சிட்னி ஓபரா மாளிகை 70 லட்சம் டாலரில் 1963-இல் முடியும் என்று மதிப்பிடப்பட்டது. 1973-இல் முடிந்தபோது செலவு 10 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. சொந்த வீடு கட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் திட்டத்தை மட்டும் பார்க்காமல், அதே அளவு வீட்டை அண்மையில் கட்டியவருக்கு உண்மையில் எவ்வளவு செலவாயிற்று என்று கேட்டறிவதே இப்பிழைக்கு மருந்து.

வங்கித் துறையும் இப்பாடத்தைக் கற்றுள்ளது. 1960-இல் சில வங்கிகள் வீழ்ந்ததைத் தொடர்ந்து, 1962 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் வைப்புத்தொகைக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் 1,500 ரூபாயாக இருந்த வரம்பு, 2020 பிப்ரவரியில் அசலும் வட்டியும் சேர்த்து, ஒரு வங்கியில் ஒரு வாடிக்கையாளருக்கு 5 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. வங்கி வீழ்வதும் நடக்கக்கூடியது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு செய்த ஏற்பாடு இது. அந்த ஏற்பாட்டினாலேயே எளிய மக்கள் அச்சமின்றிப் பணம் போடுகின்றனர்.

நம் வீட்டிலும் இம்முறையைப் பின்பற்றலாம். சில மாதச் செலவுக்குரிய தொகையை அவசரத் தேவைக்கென ஒதுக்குவதும், ஆயுள் காப்பீடும் மருத்துவக் காப்பீடும் எடுப்பதும் தீமையை எண்ணிச் செய்பவை. மகளின் மேற்படிப்பிற்கென மாதந்தோறும் தொடர் வைப்பில் பணம் கட்டுவதும், புதிய தொழிலுக்குக் கடன் பெறுவதும் நன்மையை எண்ணிச் செய்பவை. முதல் வகையை முடித்த குடும்பம் இரண்டாம் வகையில் துணிந்து இறங்கலாம்.

இனி, வெற்றிடமாக விடப்பட்ட அந்தக் கட்டத்திற்கு வருவோம். அதில் ஒரு பெயரை எழுதுவதால் எவர் ஆயுளும் குறைவதில்லை. எழுதாவிட்டால், துயரத்தில் இருக்கும் மனைவியோ பிள்ளைகளோ சான்றிதழ்களுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைய நேரிடும். நியமனதாரர் பணத்தைப் பெறும் உரிமையுடையவரே. சட்டப்படியான வாரிசுகளின் பங்கு அதனால் அழிவதில்லை என்பதையும் நினைவிற்கொள்வோம். நாம் இல்லாத நாளிலும் நம் குடும்பம் நன்றாக வாழும் என்னும் நம்பிக்கையோடு, இன்று மாலையே பழைய பாஸ்புத்தகங்களை எடுத்து, நாமினி பதிவாகியுள்ளதா என்று பார்ப்போம்.