அடித்த திருடர்களுக்கு லாந்தர் கொடுத்த ரமணர்: துப்பறியும் பாதிரியார் என்ன செய்திருப்பார்?

ஆங்கில எழுத்தாளர் ஜி.கே.செஸ்டர்டன் படைத்த துப்பறியும் பாதிரியார் ஃபாதர் பிரவுன். 1911-ல் வந்த ‘தி ஃப்ளையிங் ஸ்டார்ஸ்’ கதையில், வைரங்களுடன் மரத்தில் ஏறிய திருடன் ஃப்ளாம்போவிடம் பேசிப் பேசியே அவற்றைத் திரும்ப வாங்கிவிடுவார். ஆளைப் பிடித்துக் கொடுக்க மாட்டார். ‘அடுத்தவர் நகையைத் திருடியவனைத் தப்பவிட இவர் யாருங்க?’ என்று கேட்கத் தோணும்.

அந்தக் கேள்வியே எழாத சம்பவம் ஒன்று நம்ம திருவண்ணாமலையில் நடந்திருக்கு. 1924 ஜூன் 26, நள்ளிரவு நெருங்கும் நேரம். ரமணாசிரமத்துக்குத் திருடர்கள் வந்து ஜன்னலை உடைத்தனர். எதிர்க்க வேண்டாம், வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும் என்றார் ரமணர். வெளியே வந்தவர்களைத் தடியால் அடித்தனர். ரமணருக்கும் தொடையில் அடி. பிறகு தேடுவதற்கு வெளிச்சம் கேட்டு வந்தார்கள். லாந்தர் விளக்கைக் கொடுக்கச் சொன்னார்! கிடைத்தது என்னவோ சொற்பம்தான். இரும்புக் கம்பியோடு கிளம்பிய பக்தரையும் தடுத்தார்: அவர்கள் வேலையை அவர்கள் செய்கிறார்கள், நாம் சாதுக்கள் என்பது அவர் வாதம்.

இங்கே அடிபட்டவரே மன்னிக்கிறார். பிரவுன் கதை வேற. அந்தத் திருட்டுப் பழி ஓர் அப்பாவி இளைஞர் மேல் விழப்போகிறது. அதைச் சொல்லித்தான் ஃப்ளாம்போவை மடக்குகிறார். அவன் பின்னாளில் துப்பறிவாளனாகவே மாறுகிறான்.

ஆசிரமத்துக்கு வந்தவர்களைச் சில நாட்களில் போலீஸ் பிடித்தது. சிறைத் தண்டனை கிடைத்தது.