கணக்குப் பெட்டியின் சாவி: சிறு வணிகமும் கம்ப்யூட்டர் ஆலோசகரும்

கம்ப்யூட்டர் ஆலோசகர் என்றாலே பெங்களூரிலோ அமெரிக்காவிலோ பெரிய நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதுபவர் என்றுதான் நம் வீடுகளில் நினைக்கிறோம். சின்ன ஊர்க் கடைத்தெருவிலும் இந்தத் தொழில் உண்டு. மளிகை மண்டி, இரும்புக் கடை, மருந்துக் கடை, அரிசி ஆலை என்று பத்து இருபது இடங்களுக்குப் போய், கணக்கு மென்பொருளையும் பில் மிஷினையும் இன்டர்நெட் இணைப்பையும் கவனித்துக்கொள்பவர் அவர். வருஷத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு செய்கிற வேலை. அவர் பார்ப்பது என்ன, கடைக்காரர் தன் கையில் வைத்துக்கொள்ள வேண்டியது என்ன என்பதை நாம் எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது. வெளிமாநிலத்தில் கடை வைத்திருக்கும் நம் குடும்பங்களுக்கு இது மிகவும் அவசியம்.

எல்லையோரக் கணக்கு

நாயுடுபேட்டையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். சென்னைக்கு வடக்கே சுமார் 110 கி.மீ. தொலைவில், சொர்ணமுகி ஆற்றோரம் உள்ள ஊர். சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையிலிருந்து காளஹஸ்தி, திருப்பதிக்குச் சாலை பிரிவது இங்கேதான். நெல்லூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் உருவானபோது அதில் சேர்க்கப்பட்டது.

இங்கே கடை வைத்திருப்பவர் சென்னையில் சரக்கு எடுத்தால், அந்தச் சரக்கு மாநில எல்லையைத் தாண்டி வருகிறது. 2017 ஜூலை 1 முதல் அமலில் உள்ள ஜி.எஸ்.டி. முறையில் ஒவ்வொரு வணிகருக்கும் 15 இலக்கப் பதிவு எண் உண்டு. அதன் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33, ஆந்திரத்துக்கு 37. சென்னை பில்லில் ஐ.ஜி.எஸ்.டி. என்ற ஒரே வரி இருக்கும். அதே பொருளை உள்ளூரில் விற்கும்போது வரி சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று பாதிப் பாதியாகப் பிரியும்.

வாங்குபவரின் மாநிலத்தை மென்பொருளில் தப்பாகப் போட்டுவிட்டால் என்ன ஆகும்? பில்லின் மொத்தத் தொகை மாறாது. அதனால் கல்லாவில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் வரி வேறு தலைப்பில் போய் விழுந்திருக்கும். பிறகு சரியான தலைப்பில் மறுபடியும் கட்டிவிட்டு, முன்பு கட்டியதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

பதிவு எண்ணில் ஒரே ஓர் எழுத்து தவறினாலும் சங்கடம்தான். விற்றவர் தாக்கல் செய்த பில், வாங்கியவரின் 2பி பட்டியலில் வந்தால்தான் அந்த வரி அவருக்கு வரவாகும். 2022 ஜனவரி 1 முதல் இதுதான் விதி. ஒரு லட்ச ரூபாய்ச் சரக்குக்கு 18 சதவீதம் என்றால் 18,000 ரூபாய் முடங்கிவிடும். சிறு கடைக்கு அது ஒரு மாத லாபமாகவே இருக்கலாம். "மிஷின் நல்லாத்தானே ஓடுது, அப்புறம் என்ன?" என்று கேட்பவருக்கு ஆலோசகர் முதலில் எடுத்துச் சொல்ல வேண்டியது இதைத்தான்.

பிரதி இல்லாத கணக்கு

2017 மே 12 அன்று வானாக்ரை என்ற வைரஸ் உலகெங்கும் பரவி, கணினிக் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. ஆந்திரத்தில் சித்தூர் உள்ளிட்ட மாவட்டங்களில் போலீஸ் கணினிகளும் அதில் மாட்டிக்கொண்டன. அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் பதிப்புகளுக்கு அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. இரண்டு மாத அவகாசம் இருந்தும் அதைப் போடாத கணினிகள் ஏராளம். இன்றும் அதே கதைதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. "இன்னும் ரெண்டு வருஷம் ஓடட்டும் சார்" என்று அதிலேயே பில் போடும் கடைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

பென் டிரைவை எந்நேரமும் கணினியிலேயே சொருகி வைத்திருப்பது பேக்கப் ஆகாது. வைரஸ் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். கடையில் ஒரு பிரதி, கழற்றி வைத்த டிரைவில் ஒரு பிரதி, கடைக்கு வெளியே ஒரு பிரதி என்று மூன்று வேண்டும். 2015 நவம்பர், டிசம்பர் மழையில் சென்னை பட்ட பாட்டை நினைத்தால், அந்த மூன்றாவது பிரதியின் அருமை புரியும். மாதம் ஒருமுறை அந்தப் பிரதியைத் திறந்து, கணக்கு முழுசாக வருகிறதா என்று பார்க்கவும் வேண்டும்.

சாவி யாரிடம்?

பர்மாவிலும் மலேயாவிலும் லேவாதேவி நடத்திய நகரத்தார் வழக்கம் இங்கே நினைவுக்கு வருகிறது. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடல் கடந்த கடையை நடத்துபவர் சம்பளத்துக்குப் போன முகவர். அவருக்குத் தவணை பொதுவாக மூன்று வருஷம். கணக்கு விவரம் தொடர்ந்து ஊருக்கு வரும். தவணை முடிந்ததும் அடுத்து வருபவரிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டு அவர் ஊர் திரும்புவார். ஆள் மாறினாலும் கணக்கு கடையோடு இருந்தது.

இன்றைய கடையில் நடப்பது என்ன? ஜி.எஸ்.டி. தளத்தில் பதிந்த கைபேசி எண் பல இடங்களில் கணக்கு எழுதுபவருடையதாகவோ ஆலோசகருடையதாகவோ இருக்கிறது. ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும். அவர் வேலையை விட்டால், நோய்வாய்ப்பட்டால், மனஸ்தாபம் வந்தால், உரிமையாளர் ஆதாரங்களைத் தூக்கிக்கொண்டு வரி அலுவலகத்துக்கு அலைய வேண்டும். இதில் யாருடைய நேர்மையையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஏற்பாடுதான் தவறு.

ஆகவே பதிந்த கைபேசி எண், மின்னஞ்சல், மென்பொருள் உரிம எண், நிர்வாகி கடவுச்சொல், பேக்கப் இருக்கும் இடம் ஆகிய ஐந்தும் உரிமையாளர் கையில் இருக்க வேண்டும். ஆலோசகருக்குத் தனிப் பயனர் பெயர் கொடுத்தால் போதும். நல்ல ஆலோசகர் இதைத் தானே முன்வந்து எழுதிக் கொடுப்பார். தான் இல்லாவிட்டாலும் கடை நடக்கும்படி செய்வதே அவர் வாங்கும் கூலிக்கு நியாயம்.

நம் வீடுகளில் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் கடையிலோ மாமாவின் கடையிலோ உட்கார்ந்து, இந்த ஐந்தும் யாரிடம் இருக்கிறது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். ஒரு மணி நேர வேலைதான்.