கழுத்தில்லாத லிங்கத்தில் நீலகண்டம்

மைசூருக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், கபிலைக் கரையில் இருக்கிறது நஞ்சன்கூடு. ஊர்ப் பெயரே ஒரு கதைதான். கன்னடத்திலும் நஞ்சு நஞ்சுதான். 'கூடு' என்றால் உறைவிடம். பாற்கடலில் எழுந்த ஆலகாலத்தைச் சிவன் விழுங்க, அது தொண்டையிலேயே நின்று கழுத்து நீலமான கதை நம் வீடுகளில் சோறூட்டும்போதே சொல்லப்படுவது.

நஞ்சன்கூடு கோயிலின் கருவறையில் இருப்பதோ லிங்கம். முகமில்லை, கழுத்தில்லை. ஆனாலும் தீபாராதனை வெளிச்சத்தில் கைகூப்பி நிற்பவர்களின் மனக்கண்ணில் நீலக் கழுத்து தெரிகிறது. எப்போதோ கேட்ட கதை அதை வரைந்து வைத்திருக்கிறது.

அதே கதை சுருட்டப்பள்ளியில் வேறு படமாகிவிட்டது. ஊத்துக்கோட்டையைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் இருக்கும் அந்தக் கோயிலில், நஞ்சுண்ட களைப்பில் அம்பிகையின் மடியில் தலைசாய்த்துப் படுத்திருக்கிறார் சிவன். நஞ்சன்கூட்டில் அவர் வைத்தியர். நஞ்சையே தாங்கியவர் நம் நோயைத் தீர்க்க மாட்டாரா என்று நம்பி வருகிறவர்கள் கபிலையில் மூழ்கி எழுகிறார்கள், ஈரத்துணியோடு உருண்டு வலம் வருகிறார்கள்.

திப்பு சுல்தானின் பட்டத்து யானைக்குக் கண்பார்வை மங்கியது, இங்கே வேண்டிக்கொண்டதும் தெளிந்தது என்பது ஊர் சொல்லும் கதை. நன்றிக்கடனாக அவர் மரகத லிங்கம் தந்தாராம். சுவாமியை 'ஹக்கீம் நஞ்சுண்டா' என்று அழைத்தாராம். ஹக்கீம் என்பது அவர் மரபில் வைத்தியருக்கான சொல். சிவபுராணம் கேட்டு வளராத ஒருவர், தனக்குத் தெரிந்த உருவத்தை எடுத்து அந்தத் தெய்வத்துக்கு அணிவித்துப் புரிந்துகொண்டிருக்கிறார். இந்த வட்டாரத்துக் கதைகளிலேயே அழகானது இதுதான்.

கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932-ல் எழுதிய நூலில், தெரிந்ததை வைத்தே நாம் கதையைப் புரிந்துகொள்கிறோம் என்பதைச் சோதனையாகக் காட்டியிருக்கிறார். வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றைப் படிக்கக் கொடுத்து, பிறகு நினைவிலிருந்து சொல்லச் சொன்னார். ஆங்கிலேயர்கள் சொன்னபோது கதையில் வந்த மரத்தோணி சாதாரணப் படகாக மாறியிருந்தது. பிடிபடாத பேய்ச் சமாச்சாரங்கள் நழுவிப் போயின. அவரவர் பழகிய உலகத்துக்கு ஏற்பக் கதை உருமாறியிருந்தது.

 

மைசூர் அரண்மனையைப் பார்க்கப் போகிறவர்கள் அரைநாள் ஒதுக்கி நஞ்சன்கூட்டுக்கும் போய்வாருங்கள். மூலவரைத் தரிசித்த கையோடு, திப்பு தந்ததாகச் சொல்லும் 'பச்சை லிங்கம்' எங்கே என்று கேட்டு அதையும் பார்த்துவிடுங்கள்.