பழைய கம்ப்யூட்டர் ஏன் பேச மாட்டேங்குது?



கணினி அறையில் ஜன்னலோரம் இருக்கிறது விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர். எக்ஸ்பி வந்தது 2001-இல், நாம பிறக்கிறதுக்கு முன்னாடி. எட்டாம் வகுப்பு என்.எம்.எம்.எஸ். மாதிரி வினாத்தாளை அதில்தான் டைப் செய்திருந்தோம். அந்தத் தேர்வில் தேர்வானால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். பிரிண்டர் டீச்சரோட விண்டோஸ் 7 கம்ப்யூட்டரில் இருக்கு. திங்கட்கிழமை பிரிண்ட் கொடுத்தால் போகவே இல்லை. பென் டிரைவ் போடலாமேன்னு கேட்பீங்க. அந்தத் துளை போன வருஷமே போச்சு!

நம்ம ஊர் பெரிய வீட்டை நினைச்சுக்கோங்க. நடுவில் வளவு, சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு அறை. அறைக் கதவில் எண் இருந்தால் அதுதான் ஐ.பி. எண். தெருவுக்குப் போகும் வாசல்தான் கேட்வே.

ஸ்டார்ட், ரன் போய் சி.எம்.டி. என்று அடித்து, கறுப்புத் திரையில் ஐ.பி.கான்ஃபிக் போட்டோம். டீச்சர் கம்ப்யூட்டர் 192.168.1.5. பழசு 192.168.0.7. மூணாவது எண்ணைப் பாருங்க! சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்றால் முதல் மூணு எண்ணும் ஒண்ணா இருக்கணும். இல்லாட்டி வேற வீடு. யார் மாத்தினாங்கன்னு தெரியலை. (169.254 என்று தொடங்கினால், யாரும் எண் தராததால் கம்ப்யூட்டர் தானே வைத்துக்கொண்டது என்று அர்த்தம்.)

கண்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் கனெக்ஷன்ஸ், அதில் ப்ராபர்ட்டீஸ் போய் எண்ணைத் திருத்தினோம். பிங் செய்தால் நாலு பதில் வந்துச்சு. கைதட்டினோம். ஆனா பிரிண்டர் தெரியலை!

அதே பெட்டியில் 'கிளையண்ட் ஃபார் மைக்ரோசாஃப்ட் நெட்வொர்க்ஸ்' பக்கத்தில் டிக் இல்லை. பிங் என்பது கதவைத் தட்டுவது மட்டும்தான். உள்ளே போய்ப் பொருள் கேட்க இந்த கிளையண்ட் வேணும். டிக் போட்டு ரீஸ்டார்ட் செய்ததும் பிரிண்டர் வந்துடுச்சு.

கேட்வே கட்டத்தை வேணும்னே காலியா விட்டோம். எக்ஸ்பிக்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-ஓடு நின்னுபோச்சு. தெருவாசல் பக்கம் அது போகாமல் இருப்பதே நல்லது. எக்ஸ்பி பேசும் எஸ்.எம்.பி. 1 முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் உலகம் பூரா பரவியது. அந்த வருஷக் கடைசியிலிருந்து வந்த விண்டோஸ் 10-இல் அந்த முறை தானாக இருக்காது. அதனால் டீச்சருக்குப் புது கம்ப்யூட்டர் வந்தால் நம்ம வித்தை பலிக்காது.

புதன்கிழமை வினாத்தாள் எல்லார் கைக்கும் போயிடுச்சு. 14-ஆவது கேள்வியில் ஒரு எழுத்துப் பிழை இருக்கு. அது நெட்வொர்க் தப்பில்லை, என் தப்பு!

- 9-ஆம் வகுப்பு மாணவி